அட்டையில் வெட்டிப் பாருங்கள்

கேள்வி: தக்கலையில் கல்லூரியில் படிக்கிறேன். ஆண்டு விழா மேடைக்காக, 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் எக்ஸ்-விங் என்ற விண்கலத்தை ஓட்டும் விமானியின் உடையைச் செய்கிறேன். ஆரஞ்சு உடுப்பு தயார். மார்புப் பெட்டிக்கு ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். ஒன்றை நம்பிச் செய்தேன். மாட்டினால் பொம்மை போலத் தெரிகிறது. எந்த அளவு சரி?

பதில்: நீங்கள் எடுத்த அளவு சரியாகவே இருக்கலாம், மகளே. ஆண் நடிகர் ஒருவரின் நெஞ்சுக்குப் பொருந்திய பெட்டி உங்கள் நெஞ்சில் பெரிதாகத்தான் தெரியும். நாகர்கோவிலில் நாடக உடுப்பு தைத்த அனுபவத்தில் சொல்கிறேன்: பார்ப்பவர் கண்ணுக்குத் தோளும் பெட்டியும் ஒன்றோடொன்று இசைந்தால் போதும்.

விமானி நேராக நிற்கும் காட்சியை நிறுத்தி, தோள் அகலத்தில் பெட்டி எத்தனை பங்கு, கழுத்திலிருந்து எவ்வளவு கீழே தொடங்குகிறது என்று குறியுங்கள். பக்கவாட்டில் திரும்பிய காட்சியில் அகலம் குறைந்து தெரியும், அதை விட்டுவிடுங்கள். அந்தப் பங்கின்படி மளிகைக்கடை அட்டையை வெட்டி மாட்டிக்கொண்டு, தோழியைப் பத்தடி தள்ளி நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கைபேசி நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கிட்டே வந்து எடுத்தால் பெட்டி புடைத்துக் காட்டும். நிறுத்திய காட்சியும் தோழி எடுத்த படமும் ஒத்துவரும்வரை அட்டையை வெட்டுங்கள். பிறகு ஃபோம் போர்டைத் தொடுங்கள். பெட்டியில் மாட்டும் நெளிகுழாய்க்கு வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாய், வார்களுக்குப் பை தைக்கும் கடையின் நைலான் நாடா.

உடுப்பு தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். இந்தப் படத்தின் உடைகளுக்காக ஆஸ்கார் வாங்கிய ஜான் மோலோ, ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஊன்றிப் படித்தவர். அவருடைய விமானிகள் நேற்றும் அதே உடுப்பில் பறந்தவர்கள் போலத் தெரிவார்கள். கடையிலிருந்து வந்த ஆரஞ்சுத் துணியில் அந்த உழைப்பு தெரியாது.

ஒரு நாள் குளச்சலுக்குப் போய், கரையேறிய படகுகளில் கிடக்கும் பழைய உயிர்காப்பு அங்கிகளைப் பாருங்கள். அதுவும் ஆரஞ்சுதான். வெயில் படும் தோளில் நிறம் வெளுத்திருக்கும். வாரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் புது நிறம் அப்படியே இருக்கும். கைபடும் விளிம்பில் அழுக்கு ஏறியிருக்கும். இதை எந்தப் புத்தகத்தையும்விட அந்த அங்கி தெளிவாகக் கற்றுத்தரும். உங்கள் உடுப்பில் வார்கள் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அவற்றைத் தொடாமல் தோளையும் முழங்காலையும் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அழுக்குக்குத் தேயிலைச் சாயம் போதும். கழுத்துப் பட்டையிலும் பை வாயிலும் பஞ்சால் ஒற்றுங்கள்.

ஒரு முறை மேடை உடுப்பொன்றில் இரும்பு அழுத்துப் பொத்தான் வைத்தேன். நம் கடல்காற்றில் துருப்பிடித்து, அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. பித்தளைப் பொத்தானே வாங்குங்கள்.

கீழ்க்காலில் கட்டும் சமிக்ஞைக் குழல்களை மறந்துவிடாதீர்கள். மெல்லிய பிவிசி குழாயை வெட்டினால் அமைந்துவிடும். கட்டிக்கொண்டு நான்கு படி ஏறிப் பாருங்கள். நழுவினால் பட்டையின் உள்பக்கம் ரப்பர் துண்டு ஒட்டுங்கள்.