அரபு இலக்கணத்தின் முதல் படிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சிறுவயதில் மக்தபில் ஓதக் கற்றவன் நான். அரபு எழுத்துகளைத் தடையின்றி வாசிப்பேன்; பொருள் மட்டும் விளங்குவதில்லை. இலக்கணம் கற்கலாம் என்று ஆங்கில வழி நூல்களைப் புரட்டினால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஆங்கில நூல்களை மூடி வைத்துவிட்டு, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அரபுக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு கிடையாது என்றாலும், தொடக்க நிலையில் ஆங்கிலத்தைவிடத் தமிழே உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும். “அவர் ஆசிரியர்” என்று வினைச்சொல் இல்லாமலே நாம் வாக்கியத்தை முடிப்பது போல, அரபியிலும் “ஹுவ முதர்ரிஸுன்” என்று சொன்னால் வாக்கியம் நிறைவு பெறுகிறது. “எழுதினேன்” என்ற சொல்லில் எழுதியவர் யார் என்பதை விகுதி காட்டிவிடுவதால் “நான்” தேவைப்படுவதில்லை; “கதப்து” என்ற அரபு வினையும் அப்படியே. தோன்றா எழுவாய் என்று நாம் படித்ததுதான் இது.

அடுத்து வருவது, பலரும் அஞ்சி ஒதுங்கும் இஃராபு, அதாவது சொல்லின் இறுதி ஒலி மாறும் முறை. “ஜாஅல் முதர்ரிஸு” என்றால் ஆசிரியர் வந்தார்; “ரஅய்துல் முதர்ரிஸ” என்றால் ஆசிரியரைப் பார்த்தேன்; “ஸல்லம்து அலல் முதர்ரிஸி” என்றால் ஆசிரியருக்கு ஸலாம் சொன்னேன். ஒரே சொல் எழுவாயாக நிற்கும்போது “உ” என்றும், செயப்படுபொருளாக நிற்கும்போது “அ” என்றும், “அலா” போன்ற முன்னிடைச் சொல்லைத் தொடரும்போது “இ” என்றும் முடிகிறது. ரஃபு, நஸ்பு, ஜர்ரு என்று இவற்றுக்குப் பெயர். எட்டு வேற்றுமைகளைப் படித்துத் தேர்வு எழுதிய நமக்கு மூன்று நிலைகள் பெரும் சுமையல்ல.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நாம் “ஆசிரியரின் புத்தகம்” என்கிறோம். அரபியில் “கிதாபுல் முதர்ரிஸி” என்று உடைமை முன்னாலும் உடையவர் பின்னாலும் வருவர். இளாஃபத்து எனப்படும் இத்தொடரை நூலில் தேடி அலைய வேண்டியதில்லை, உங்கள் தெருவில் உள்ள பெயர்களே அதற்கு எடுத்துக்காட்டு. அப்துல் காதர் என்பது “அப்து”, “அல்-காதிர்” என்னும் இரு சொற்களின் சேர்க்கை. அப்துர் ரஹ்மான் என்ற பெயரில் “அல்” என்பதன் லகரம் அடுத்து வரும் ரகரத்தோடு கலந்து ரகரமாகவே ஒலிக்கிறது. ஷம்சுத்தீனில் அது தகரமாகிறது. இவ்வாறு லகரத்தை விழுங்கும் எழுத்துகள் 14, விழுங்காதவை 14. “ஷம்ஸ்” என்ற சொல்லின் முதலெழுத்து விழுங்கும் வகை, “கமர்” என்பதன் முதலெழுத்து விழுங்காத வகை என்பதால், இவ்விரு கூட்டத்தையும் சூரிய எழுத்துகள், சந்திர எழுத்துகள் என்று அழைக்கிறார்கள். (ஒருவரை வெறுமனே “அப்துல்” என்று கூப்பிடுவது, பெயரைப் பாதி வழியில் நிறுத்துவதாகும் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்.)

பெயரடையும் நமக்கு நேரெதிர். அது பெயருக்குப் பின்னால் வருவதோடு, பால், எண், வேற்றுமை, “அல்” பெற்றதா இல்லையா என்ற நான்கிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே வினையில்லா வாக்கியம், முன்னிடைச் சொற்கள், இளாஃபத்து, பெயரடை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே முடித்துக்கொண்டு, அதன்பின் இறந்தகால வினைக்குச் செல்லுங்கள். அதன் 14 வடிவங்களையும் முதல் வாரமே மனப்பாடம் செய்ய முற்பட்டுப் படிப்பைக் கைவிட்டவர்கள் ஏராளம்.

கேள்வி: அரபு அகராதி ஒன்று வாங்கினேன். “மதரஸா” என்ற சொல்லை மீம் எழுத்தின் கீழ் எவ்வளவு தேடியும் காணவில்லை. அகராதியில் பிழையா?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: பிழையில்லை, தால், ரா, ஸீன் என்ற மூன்று எழுத்துகளின் கீழ் பாருங்கள், கிடைக்கும். அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து பிறக்கின்றன. மரபான அகராதிகள் சொற்களை வேர்வரிசையில் அடுக்குகின்றன. நேரான அகரவரிசையில் அமைந்த புதிய அகராதிகளும் உண்டு. “தரஸ” என்றால் படித்தான், “தர்ஸ்” பாடம், “முதர்ரிஸ்” ஆசிரியர், “மதரஸா” படிக்கும் இடம். முன்னால் “ம” சேர்ந்து இடத்தைக் குறிக்கும் அச்சு அரபியில் அடிக்கடி வரும்: எழுதும் இடம் “மக்தப்”, சமைக்கும் இடம் “மத்பக்”, விளையாடும் இடம் “மல்அப்”. அச்சைப் பிடித்துக்கொண்டால், புதிய சொல்லின் பொருளையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

“தரஸ” என்பதன் நடு எழுத்தை இரட்டித்து “தர்ரஸ” என்றால், படித்தான் என்பது கற்பித்தான் என்றாகிவிடும். “ஓடினான்” என்பதை “ஓட்டினான்” என்று இரட்டித்துத் தன்வினையைப் பிறவினையாக்கும் நமக்கு இது விநோதமாகத் தோன்றக் கூடாது. சொல்லின் உள்ளமைப்பை ஆராயும் இத்துறைக்கு ஸர்ஃபு என்றும், வாக்கிய அமைப்பை ஆராய்வதற்கு நஹ்வு என்றும் பெயர். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்; ஸர்ஃபு இல்லாத நஹ்வு அகராதியைக்கூடத் திறக்க உதவாது.

கேள்வி: அரபு நாளிதழ்களில் உயிர்க்குறிகளே அச்சிடப்படுவதில்லையே, எப்படி வாசிக்கிறார்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: குர்ஆன், குழந்தைகளுக்கான நூல்கள் போன்றவற்றில்தான் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா ஆகிய குறிகளை முழுமையாகக் காணலாம். மற்ற இடங்களில் வாக்கியத்தில் சொல் நிற்கும் இடத்தைக் கொண்டு வாசகரே உயிரொலியை முடிவு செய்துகொள்கிறார்; எனவே, பிழையின்றி உரக்க வாசிப்பதற்கே இலக்கணம் தேவைப்படுகிறது. இன்றைய குறிகளின் வடிவத்தை 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் வகுத்தார் என்பது மரபு. அவருடைய மாணவரான சீபவைஹி, அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலை எழுதியவர், பாரசீக வழிவந்தவர். அரபியரல்லாத மாணவர்கள் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆஜுர்ரூமிய்யாவை நானே படித்துக் கற்க முடியுமா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: முதல் நூலாக வேண்டாம். 1323இல் மறைந்த மொராக்கோ அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் இயற்றிய அச்சிறுநூல், சில பக்கங்களில் இஃராபின் சாரத்தைத் தருவது; மனப்பாடம் செய்துகொண்டு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதற்காகவே அவ்வளவு சுருக்கமாக அமைந்தது. எளிய வாக்கியங்களை வாசிக்கப் பழகிய பின்னர், ஓர் உஸ்தாதிடம் அமர்ந்து பாடம் கேளுங்கள்.

கேள்வி: வேலைக்காக வளைகுடா செல்லவிருக்கிறேன். இந்த இலக்கணம் பயன்படுமா?
– ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: கடைவீதியில் இஃராபுக்கு வேலையில்லை, பேச்சு வழக்கு அந்த இறுதி ஒலிகளை எப்போதோ உதறிவிட்டது. அன்றாடப் பேச்சை அங்குள்ளவர்களிடம் கேட்டே பழகுங்கள். ஆனால் பணி ஒப்பந்தம், அரசு அறிவிப்பு, படிவம் ஆகியவை எழுத்து அரபியில் இருக்கும். கையெழுத்திடும் முன் அவற்றை வாசிக்க இலக்கணம் வேண்டும்.

கேள்வி: மூன்று ஆண்களைச் சொல்லும்போது எண்ணுக்குப் பெண்பால் வடிவமும், மூன்று பெண்களைச் சொல்லும்போது ஆண்பால் வடிவமும் வருவது ஏன்?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: “ஸலாஸது ரிஜாலின்”, “ஸலாஸு பனாத்தின்” என்ற இந்த முரண் 3 முதல் 10 வரை உண்டு. அதன் காரணம் குறித்து இலக்கணிகள் பலவாறு வாதிட்டிருக்கிறார்கள். அரபியரே பேசும்போது தடுமாறும் விதி இது. முதல் ஆண்டில் இதற்காக ஒரு மாலைப்பொழுதைக்கூடச் செலவிடாதீர்கள்.