சேதி தெரியும், நம்பர் தெரியாது
(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "நட்பை எல்லாம் மொபைலுக்குள் அடைத்துவிட்டோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறார்கள். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று அன்றன்றே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் மனசு விட்டுப் பேச ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது. சோஷியல் மீடியா நட்பை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அக்கா.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு தோழி. ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறை. கல்யாணம், வேலை என்று ஆளுக்கொரு திசையில் போன பிறகு கொஞ்ச நாள் கடிதம், அப்புறம் போன், அப்புறம் ஃபேஸ்புக். அவள் படம் போட்டால் நான் லைக் போடுவேன், நான் போட்டால் அவள் சிவப்பு இதயம் போடுவாள். மாடியில் அவள் வளர்க்கிற செடிகளில் எது பூத்தது, எது பட்டுப்போனது என்பதுவரை எனக்கு அத்துப்படி. யாராவது கேட்டால் "நாங்க ரெண்டு பேரும் இன்னும் நல்ல டச்சில இருக்கோம்" என்பேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய பெட்டியைக் குடைந்தபோது பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவள் எனக்காக உட்கார்ந்து எழுதிக்கொடுத்த நோட்டு கையில் கிடைத்தது. பார்த்ததும் என்னவோ போல ஆகி, உடனே கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ரெக்கார்டு செய்த குரல் சொன்னது.

நம்பர் மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவள் படங்களுக்கு நான் போட்ட லைக்குகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், 41.

மெசஞ்சரில் புது நம்பர் கேட்டு வாங்கிப் பேசியபோதுதான் தெரிந்தது, அவள் அப்பா படுத்த படுக்கையாகி ஐந்து மாதம் ஆகிறது, வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் படம் எடுத்துப் போட முடியுமா? செடிகளை மட்டும் போட்டிருக்கிறாள். ஏன் ஐந்து மாதமாக வெறும் செடியாகவே வந்தது என்றால், அவள் மாடியைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. அத்தனை படத்தையும் பார்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஃபேஸ்புக் எங்களைப் பிரித்தது என்று பழி போட மாட்டேன். அது இல்லாவிட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாமல் போயிருக்கும். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. முன்பெல்லாம் "எப்படி இருக்காளோ, என்ன பண்றாளோ" என்று மனசுக்குள் ஒரு நமைச்சல் கிளம்பும், அது தாங்காமல்தான் பேனாவை எடுப்போம், போனை எடுப்போம். இப்போது தினமும் துளித்துளியாகச் சேதி வந்து விழுந்துவிடுவதால் நமைச்சல் கிளம்புவதே இல்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான், "எல்லாந்தான் போட்டாச்சே, தனியா சொல்ல என்ன இருக்கு" என்று இருந்துவிடுகிறார்கள். போடாத விஷயங்கள்தான் நண்பரிடம் சொல்ல வேண்டிய விஷயங்கள் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகிறது. உங்களுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை, பேச்சை ஆரம்பிக்கச் சாக்குதான் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு யாராவது படம் போட்டால் லைக் போடாமல், அதைச் சாக்காக வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஃபேஸ்புக்கில் 2,300 நண்பர்கள். இதில் எத்தனை பேர் உண்மையான நண்பர்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் இன்னும் 2,700 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம், ஃபேஸ்புக் 5,000 வரைக்கும் அனுமதிக்கிறது. மூளை அனுமதிக்குமா என்பதுதான் சந்தேகம். ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர், குரங்கினங்களின் மூளை அளவையும் அவை வாழும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, ஒரு மனிதனால் பெயரும் உறவும் மறக்காமல் வைத்துக்கொள்ளக்கூடிய வட்டம் சுமார் 150 பேர்தான் என்று 1990களில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த எண்ணை ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு, 150ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அவர் 2016இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. ஃபேஸ்புக் வைத்திருப்பவர்களிடம், ஒரு பெரிய நெருக்கடி வந்தால் இந்தப் பட்டியலில் யாரிடம் போய் நிற்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக வந்தது நாலு பேர். பட்டியல் பெரிதாக இருந்தவர்களுக்கும் அந்த நாலு பெரிதாக மாறவில்லை.

கண்டுபிடிக்கும் வழி கேட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் "என்ன ஆச்சு?" என்று கேட்பவர் யார், "யாரு?" என்று கேட்பவர் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பரிசோதித்துப் பார்க்க நிஜமாகவே கூப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் நான் பிளாக் செய்த நண்பர் ஒருவர் எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: சிரித்துவிடுங்கள். முகத்துக்கு இன்னும் அந்த பட்டன் வரவில்லை.

கேள்வி: கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். என் ஃபிரெண்ட்ஸ் எல்லோருக்கும் என்னைவிட நிறைய ஃபிரெண்ட்ஸ் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தர் ஸ்டோரியிலும் பத்துப் பேர் கூட்டமாக நிற்கிறார்கள். என்னிடம் ஏதோ குறை இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

பதில்: உன்னிடம் குறை இல்லையம்மா, கணக்கு அப்படி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இலேயே, அதாவது ஃபேஸ்புக் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே, இதை எழுதி வைத்துவிட்டார்: பெரும்பாலானவர்களுக்கு அவர்களைவிட அவர்களுடைய நண்பர்களுக்குத்தான் நண்பர்கள் அதிகம் இருப்பார்கள். ஒரு அறையில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள். அதில் ஒருத்தி கலகலப்பானவள், மற்ற நாலு பேருக்கும் அவள் தோழி. அந்த நாலு பேருக்குள் பழக்கம் கிடையாது. இப்போது அந்த நாலு பேரில் யாரைக் கேட்டாலும் "என் ஃபிரெண்டுக்கு நாலு ஃபிரெண்ட்ஸ், எனக்கு ஒருத்திதான்" என்று ஏங்குவாள். ஐந்தில் நாலு பேர் ஏக்கத்தில், குறை யாரிடமும் இல்லை. நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறைய பேருடைய பட்டியலில் வந்து நிற்பதால் வருகிற மயக்கம் இது.

ஸ்டோரி விஷயத்தில் இது இன்னும் மோசம். யார் அதிகம் வெளியே போகிறார்களோ அவர்கள் அதிகம் படம் போடுகிறார்கள், அதனால் அவர்களைத்தான் அதிகம் பார்க்கிறாய். அதே ராத்திரியில் அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உன்னைப் போலவே ஸ்டோரி பார்த்துக்கொண்டிருக்கிற இருபது பேரை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அவர்களில் ஒருத்தியை உனக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நாளைக்கு வகுப்பில் அவள் பக்கத்தில் போய் உட்கார்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் வந்த பிறகும் என் நெருங்கிய தோழி மணிக்கணக்கில் பதில் போடுவதில்லை. என்னை ஒதுக்குகிறாளா?

பதில்: 2014க்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது, அந்த வருடம்தான் நீல டிக் வந்தது. அதற்கு முன்பு "இன்னும் பார்க்கலை போல" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு சந்து இருந்தது, அதை அடைத்துவிட்டார்கள். நான் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் அதை அணைத்துவிட்டேன். அணைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்பது நமக்கும் தெரியாது, அதுவும் நிம்மதிதான். குரூப்பில் மட்டும் இது செல்லாது. உங்கள் தோழி பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் திறந்து பார்த்திருக்கலாம். நிதானமாக எழுதலாம் என்று வைத்துவிட்டு அப்படியே மறந்தும் போயிருக்கலாம் (நான் இந்த ரகம், என் நண்பர்கள் மன்னிக்கவும்). நேரில் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்போது கவலைப்படுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வகுப்பு குரூப்பில் 120 பேர். காலையிலிருந்து ராத்திரி வரை குட்மார்னிங், பிறந்தநாள் வாழ்த்து. வெளியேறினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

பதில்: 2022லிருந்து சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். எங்கள் குரூப்பில் ஒருநாள் யாருக்கோ பிறந்தநாள். பூங்கொத்துப் படமும் பட்டாசுப் படமுமாக வரிசையாக 60, 70 வந்து குவிந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒருவர் "இன்னைக்குத்தான் டிஸ்சார்ஜ் ஆனேன்" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதற்குக் கீழேயும் பூங்கொத்து, பூங்கொத்து, பூங்கொத்து. எதற்கு டிஸ்சார்ஜ், என்ன ஆச்சு என்று ஒரு ஆள் கேட்கவில்லை, யாரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல, யாருமே படிக்கவில்லை. நானும் இரண்டு நாள் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் பார்த்தேன். ஆகவே அந்த 120 பேரில் உங்களுக்கு வேண்டிய ஆறேழு பேரின் நம்பரைத் தனியாகச் சேமித்துக்கொண்டு, அப்புறம் தாராளமாகக் கிளம்புங்கள்.

கேள்வி: ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் நட்பெல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: அமெரிக்காவில் 2018இல் செய்து பார்த்தார்கள். சிலருக்குப் பணம் கொடுத்து, நாலு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. மனசு கொஞ்சம் தெளிவானதாகச் சொன்னார்கள், நண்பர்களோடும் வீட்டாரோடும் இருந்த நேரம் கூடியது. தனியாக டிவி பார்த்த நேரமும் கூடியது! நிறுத்துவது சுலபம், காலியாகிற அந்த ஒரு மணி நேரத்தை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: உடம்பு சரியில்லாமல் இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறேன். எனக்கு இப்போது இருக்கிற நெருக்கமான தோழி இணையத்தில் கிடைத்தவள், நேரில் பார்த்ததே இல்லை. தினமும் ராத்திரி பேசிக்கொள்வோம். அம்மா, "அதெல்லாம் ஒரு ஃபிரெண்ட்ஷிப்பா?" என்கிறார். உங்கள் கட்சி எது?

பதில்: உங்கள் கட்சிதான். பார்க்காமலே நட்பு என்பது ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரம் இல்லையே, கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் எந்த நெட்வொர்க்கில் பழகினார்கள்? வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த சோழன், தான் பார்த்தேயிராத அந்தப் புலவருக்கு ஒரு இடம் வையுங்கள், வருவார் என்றான். வந்தார், தானும் வடக்கிருந்தார். இந்தக் கதையை இணைய நட்புக்கு ஆதாரமாக மேற்கோள் காட்டி நாலு கடிதம் வந்திருக்கிறது. நாலு பேருமே அவர் கிளம்பி வந்தார் என்கிற பகுதியை விட்டுவிட்டார்கள். அதற்காக நீங்கள் இப்போதே பெட்டி கட்ட வேண்டாம், முதலில் உடம்பு தேறட்டும்.

அம்மாவுக்கு ஒரு கணக்கும் சொல்லலாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர், புது இடத்துக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் விசாரித்து 2018இல் சொன்னது இது: தெரிந்த முகம் ஒன்று சாதாரண நட்பாவதற்குச் சுமார் 50 மணி நேரம் கூட இருக்க வேண்டும், நல்ல நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200க்கும் மேல். அவர் எண்ணியது சேர்ந்து கழித்த நேரம், போன் பேச்சை இதில் அப்படியே போட்டால் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ. நான் போடுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் என்றால் உங்களுக்கு ஏழாவது மாதத்திலேயே 200 தாண்டிவிட்டது. ஒரு ராத்திரி ஸ்பீக்கரில் போட்டு அம்மாவையும் பேசச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் குரல் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் "அவ இன்னைக்குக் கூப்பிடலையா?" என்று அம்மாவே கேட்பார்.

கேள்வி: பத்து வருடமாகப் பேசாத நண்பன் ஒருவனின் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். பேச வேண்டும் போல இருக்கிறது. மெசேஜா, போனா? இத்தனை வருடம் கழித்துக் கூப்பிட்டால் ஏதோ காரியத்துக்குத்தான் வருகிறேன் என்று நினைத்துவிடுவானோ?

பதில்: போன். மெசேஜ்தான் சங்கடமில்லாதது என்று எல்லோரும் நினைக்கிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பர்களோடு மறுபடி பேச்சுவார்த்தை தொடங்க சிலரைப் போன் செய்யவும் சிலரை மெயில் அனுப்பவும் வைத்தார்கள். போன்தான் தர்மசங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே பயந்தார்கள். பேசி முடித்த பிறகு பார்த்தால் மெயிலைவிடச் சங்கடம் ஒன்றும் அதிகமில்லை, நெருக்கம்தான் அதிகம். திடீரென்று ஒரு பழைய ஆள் விசாரித்தால் எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2022இல் இன்னொரு ஆய்வும் வந்தது.

காரியம் என்று நினைப்பானோ என்ற பயம் நியாயமானது, எனக்கும் அப்படி அழைப்புகள் வந்திருக்கின்றன. பத்து நிமிடம் குசலம், பதினோராவது நிமிடம் இன்ஷூரன்ஸ். அதனால் எடுத்த எடுப்பிலேயே "ஒண்ணும் வேணாம்டா, உன் போட்டோ பார்த்தேன், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். பத்து வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், அவனும் கூப்பிடவில்லை. நம்பர் மாறியிருந்தால் அந்தப் படத்துக்குக் கீழேயே போய்ப் புது நம்பர் கேளுங்கள், இன்ஸ்டாகிராமால் இப்படி ஒரு பிரயோஜனமும் உண்டு.