ஆறு நிமிடத்தில் தட்டு காலி, வயிறு மட்டும் நிறையவில்லை... என்ன செய்வது?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 38. காலை ஏழு மணிக்கு நாலு இட்லி, அதன்பின் மதியம் ஒரு மணிக்குச் சோறு. இடைவேளை அரை மணி நேரம்தான். கை கழுவி, கேன்டீனில் இடம் பிடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். ஆறேழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு மறுசோறு வாங்குகிறேன். அப்போதும் வயிறு நிறைந்த மாதிரி இருப்பதில்லை. ஆனால் மூன்று மணிக்கு வயிறு கனத்து, ஏப்பமாக வருகிறது. இரவு வீட்டிலும் இதே கதைதான். ‘நன்றாக மென்று மெதுவாகச் சாப்பிடு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். முயன்று பார்த்தால் நாலு வாய்க்கு மேல் ஞாபகம் இருப்பதில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உணவியல் ஆலோசகர், புதுச்சேரி

உண்டு. நாலு வாய்க்கு மேல் ஞாபகம் இல்லாதது உங்கள் குறை அல்ல. ஆறு மணி நேரம் பசித்திருந்த ஒருவரிடம் ‘ஒவ்வொரு வாயையும் எண்ணி மெல்லுங்கள்’ என்றால் நடக்காது. நானும் அதை யாருக்கும் சொல்வதில்லை. வாயைக் கட்டுப்படுத்துவதைவிட, கை சோற்றை எடுக்கும் விதத்தையும் தட்டில் இருப்பதையும் மாற்றுவது எளிது.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு இரண்டு வழியில் போகிறது. இரைப்பை விரியும்போது வேகஸ் நரம்பு வழியாக ஒன்று. உணவு சிறுகுடலுக்கு இறங்கியதும் குடலில் சுரக்கும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் வழியாக இன்னொன்று. இந்த இரண்டாவது செய்தி சரியாகப் போய்ச் சேரப் பதினைந்து, இருபது நிமிடமாவது ஆகும். நீங்கள் மறுசோற்றுக்கு எழுந்திருக்கும்போது முதல் தட்டின் கணக்கே மூளைக்கு முழுதாகப் போயிருக்காது. மூன்று மணிக்குத் தெரியும் கனம் இரண்டு தட்டுக்கும் சேர்த்து வருவது. அவசரத்தில் சோற்றோடு காற்றையும் விழுங்குகிறோம், ஏப்பத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 30 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. ஒரே பாஸ்தாவை ஒரு நாள் வேகமாகவும் இன்னொரு நாள் நிதானமாகவும் சாப்பிடச் சொன்னார்கள். வேகமாகச் சாப்பிட்ட நாளில் 9 நிமிடத்தில் 646 கலோரி உள்ளே போனது. நிதானமாகச் சாப்பிட்டபோது 29 நிமிடத்தில் 579 கலோரிதான். குறைவாகச் சாப்பிட்ட நாளில்தான் திருப்தி கூடுதலாக இருந்தது. வித்தியாசம் 67 கலோரி, அதாவது ஓர் இட்லியைவிடச் சற்று அதிகம். அன்று அவர்கள் தண்ணீரும் கூடுதலாகக் குடித்திருந்தார்கள், அதற்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆகவே மெதுவாகச் சாப்பிட்டாலே எடை மளமளவென்று குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் சிக்கல் மறுசோறு. அதற்கு இது நன்றாகவே கைகொடுக்கும்.

நாளை சாப்பிடும்போது உங்கள் விரல்களைக் கவனியுங்கள். வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்ததைப் பிசைந்து, உருட்டி, தட்டின் ஓரத்தில் தயாராக வைத்திருக்கும். வாயில் இருப்பதைப் பாதி மென்றதும் அடுத்த கவளம் வாசலுக்கு வந்துவிடும், மிச்சத்தை விழுங்கித்தான் ஆக வேண்டும். ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களுக்கு ‘ஸ்பூனைக் கீழே வையுங்கள்’ என்று ஆலோசனை சொல்வார்கள். கையால் சாப்பிடும் நமக்கு அது பொருந்தாது. பதிலாக இப்படிச் செய்யுங்கள்: வாய் காலியாகும்வரை விரல் சோற்றில் படக்கூடாது. மணிக்கட்டைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டு முழுக்கக் குழம்பை ஊற்றிப் பிசையாமல், ஓரமாக நாலைந்து கவளத்துக்கு மட்டும் பிசையுங்கள். அது முடிந்ததும் அடுத்த பங்கு. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

அடுத்தது, தட்டில் என்ன இருக்கிறது என்பது. குழைந்த சோற்றில் குழம்பு ததும்பினால் மெல்ல வேலையே இல்லை, தானாக இறங்கிவிடும். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் அப்படித்தான். சத்தானது என்று கேழ்வரகுக் களிக்கு மாறுகிறவர்கள் உண்டு. களியைக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம், அதனால் வேகம் குறையாது. அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினால் மென்றுதான் ஆக வேண்டும். வீட்டில் மத்திக் குழம்பு வைத்த நாளை நினைத்துப் பாருங்கள். முள் எடுத்து எடுத்துத்தானே சாப்பிடுகிறீர்கள்? நண்டு என்றால் கேட்கவே வேண்டாம். மீன் இல்லாத நாளில் முருங்கைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், சுண்டல் என்று பல்லுக்கு வேலை கொடுக்கும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். கேன்டீனில் பொரியலையும் முட்டையையும் முதலில் முடியுங்கள், சோற்றுக்கு அப்புறம் வாருங்கள். இந்த வரிசையில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும்.

மறுசோறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் தேவையான சோற்றை முதல் தட்டிலேயே ஒதுக்கி வையுங்கள். குழம்புச் சோறு முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். அதன்பின் ரசம், பிறகு மோர். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிக்காது என்ற பயம் வேண்டாம். மோர்ச் சோறும் முடிந்து பசி இருந்தால் அரைக் கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பதினான்கு, பதினைந்து நிமிடம் போதும், உங்கள் இடைவேளைக்குள் அடங்கிவிடும். அரை மணி நேரம் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரவில் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் அடுப்படியிலேயே இருக்கட்டும். எழுந்து போய் வாங்க வேண்டும் என்றால் தேவையா என்ற கேள்வி தானாக வரும். டிவியும் போனும் அந்த நேரத்துக்கு வேண்டாம். கவனம் வேறெங்கோ இருந்தால் அந்த வேளையும் கூடுதலாகச் சாப்பிடுவோம், சாப்பிட்டது மனதில் பதியாததால் அடுத்த வேளையும் கூடுதலாகச் சாப்பிடுவோம். ஆய்வுகளிலும் இது தெரிந்திருக்கிறது. முள் மீன் என்றால் போன் ஆபத்தும்கூட.

ஏழு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே நீங்கள் எதுவும் சாப்பிடாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு பசியோடு உட்கார்ந்தால் யார் கையும் நிதானப்படாது. பத்தரை மணி டீயோடு ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலையோ ஒரு கொய்யாவோ சாப்பிடுங்கள். வடை, போண்டா வேண்டாம்.

கடைவாய்ப் பல் வலியால் மெல்லாமல் விழுங்குகிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் முதலில் போக வேண்டியது பல் மருத்துவரிடம். உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குகிறது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு அடைத்துக்கொள்கிறது, காரணமில்லாமல் எடை இறங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மறுசோற்றை நிறுத்தும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சோறு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.