சாந்தில்லாத கையாலை

கேள்வி: கப்பலில் வேலை செய்யும் என் தம்பி, கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவிலுள்ள அபிராந்தோஸ் என்னும் மலையூரின் படங்களை அனுப்பியிருக்கிறான். எங்கள் ஊரைப் போலவே சரிவெங்கும் கையாலை (மண்ணைத் தாங்கும் கல்சுவர்) கட்டிய தட்டு நிலங்கள். ஆனால் கல்லுக்கிடையே சாந்து இல்லை. பாதி நிலத்தில் பயிரும் இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?
– வாசகி, காந்தல்லூர், இடுக்கி மாவட்டம்

பதில்: சாந்து இல்லாதது குறையன்று, சகோதரி, அதுதான் அந்தச் சுவரின் உயிர். அத்தீவில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்து, கோடையில் அநேகமாக நின்றுவிடுகிறது. பூசிய சுவராக இருந்தால் பின்னால் தேங்கும் நீர் அதனைத் தள்ளிச் சாய்த்துவிடும். கல்லை மட்டும் கல்லோடு பொருத்திய சுவரோ, மண்ணைத் தடுத்து நிறுத்திக்கொண்டு நீரை மட்டும் இடுக்குகளின் வழியே கசியவிடுகிறது. கிரேக்கம் உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் இக்கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்படி நின்ற மண்ணின் ஈரத்தை நம்பியே வாற்கோதுமை, திராட்சை, ஒலிவம், அத்தி ஆகியவற்றை வளர்த்தார்கள். உங்கள் காந்தல்லூர்ப் பூண்டைப் போலவே புவிசார் குறியீடு பெற்ற நாக்சோஸ் உருளைக்கிழங்கு இந்தச் சரிவில் விளைவதன்று. அது பெரும்பாலும் கீழே சமவெளியில் விளைவது.

இனி, ஏன் விட்டார்கள் என்பது. அபிராந்தோஸ் மக்கள் உழவை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுற்றியுள்ள மலைகளில் சாணை பிடிக்கப் பயன்படும் குருந்தக் கல்லை வெட்டி, கம்பிவடத் தொட்டிகளில் மூட்சூனா துறைக்கு இறக்கினார்கள். (குருந்தம் என்னும் நம் தமிழ்ச் சொல்லே ஐரோப்பிய மொழிகளிலும் அக்கனிமத்தின் பெயராக வழங்குகிறது என்பதை உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.) செயற்கைச் சாணைப்பொருள் வந்து அத்தொழில் நொடித்தபோது, கல் வெட்டிய கைகள் ஏதென்ஸுக்குப் பிழைக்கப் போயின, கையாலையைச் செப்பனிட்ட கைகளும் அவையே. மழைக்குச் சரியும் நாலு கல்லை அந்த ஆண்டே எடுத்து வைக்க ஆளில்லையென்றால், அடுத்த மழை அவ்வழியே மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். மேய்ச்சல் ஆடுகள் மீதியை உதைத்துத் தள்ளும்.

நீரைத் தடுக்கும் எண்ணம் அங்கே அடியோடு போய்விடவில்லை. 1941இல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலிருந்து நாஜிக் கொடியை இறக்கிய இருவருள் ஒருவரான மனோலிஸ் கிளெசோஸ் இவ்வூரில் பிறந்தவர். மண்ணரிப்பைக் குறைக்கவும் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பவும், மிகச் சிறிய தடுப்பணைகளைத் தொடராக அமைக்கும் முறையொன்றை அவர் பின்னாளில் உருவாக்கினார். கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரங்களை நட்டுவிட்டு ஊற்று வற்றியது ஏன் என்று வியக்கும் நம் மலைகளிலும் அதனைச் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மேல்தட்டிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் அங்கே உடையும் ஒரு சுவர் கீழுள்ள அத்தனை தட்டுகளின்மீதும் வந்து விழும்.