மன்னார்குடியிலிருந்து மெல்பர்னுக்கு சைக்கிள்: பெட்டிக்கு முன்னால் மண்ணைக் கவனியுங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வடுவூர் ஏரி வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவர். ஐப்பசியில் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், மூன்று மாதம் தங்கல். திருச்சியில் ஏறி சிங்கப்பூரில் மாறிப் போகும் பயணம். “என் கியர் சைக்கிளைக் கூடவே கொண்டுபோக முடியுமா? எப்படிக் கட்டுவது? உயரே போனதும் டயர் வெடித்துவிடும் என்கிறார்களே, நிஜமா? பேசாமல் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார்.

கொண்டுபோகலாம் ஐயா. மூன்று மாதம் என்றால் கொண்டுபோவதுதான் சரி என்பேன். பத்து நாள் பயணமாக இருந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். முழங்காலும் முதுகும் ஒரு வண்டிக்குப் பழகிவிட்ட பிறகு புது வண்டியில் அந்த உயரத்தையும் எட்டத்தையும் கண்டுபிடிப்பதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். உங்களுடையது பன்னிரண்டு கிலோ வண்டி, அதனால் தாராளமாகக் கிளம்பலாம். இதுவே அந்தக் காலத்து இருபத்தெட்டு அங்குல கனத்த சைக்கிளாக இருந்தால் வேண்டாம். பெட்டியோடு சேர்த்தால் ஒற்றை மூட்டைக்கு விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் 32 கிலோ உச்சவரம்பை நெருங்கிவிடும்.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மெல்பர்ன் இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் சிங்கப்பூரில் பெட்டியை நீங்களே வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், சைக்கிளுக்கான கட்டணத்தையும் இரண்டு தடவை கட்ட வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று அந்தத் தொந்தரவை விலைக்கு வாங்காதீர்கள்.

அடுத்து, சாதாரணப் பெட்டிகளுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் கணக்கு. சைக்கிள் அட்டைப்பெட்டி சுமார் 140 செ.மீ. நீளம், 80 உயரம், 20 அகலம் வரும். கூட்டினால் 240. ஆகவே அது ‘விளையாட்டுச் சாமான்’ என்ற கணக்கில்தான் போகும். சில நிறுவனங்கள் உங்கள் கிலோ கணக்கிலேயே கழித்துக்கொள்வார்கள், சிலர் தனியாகக் காசு வாங்குவார்கள். டிக்கெட் எண், பெட்டியின் மூன்று அளவு, எடை இவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் ‘சரி சார்’ என்று சொன்னது கவுன்ட்டரில் செல்லாது. பெட்டிக்குள் துணிமணி வைக்கலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். சைக்கிளைத் தவிர வேறெதுவும் கூடாது என்று சொல்கிற நிறுவனங்களும் உண்டு.

இனி, யாரும் கேட்காத, ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம்: மண்.

ஆஸ்திரேலியா தன் விவசாயத்தை நோயிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்க, உள்ளே வரும் மண், விதை, செடிப் பொருள் எல்லாவற்றையும் கறாராகச் சோதிக்கும் நாடு. ஓட்டிய சைக்கிளும் அந்தச் சோதனைக்குள் வரும். நீங்கள் கிளம்பும் நேரமோ சம்பா நடவு நேரம். வயலிலிருந்து கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு ஏறிவரும் டிராக்டர் தார்ச்சாலையில் சேற்றைப் பிசைந்துவிட்டுப் போகும். அதன்மேல் உங்கள் டயர் போகும். டெல்டாவின் வண்டல் களிமண் காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும், மேலாகத் தண்ணீர் அடித்தால் போகாது.

அதனால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஓட்டுவதை நிறுத்திவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். பெடல் கிராங்க் சுழலும் இடத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், விரலில் கறுப்பாக ஏதாவது வரும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல்முனைக்கு அடியில், மட்கார்டின் உள்பக்கம், பிரேக் காலிப்பரைச் சுற்றி, டயர் பட்டைகளின் இடுக்கில், பின்சக்கரப் பல்லுக்கு நடுவில், எல்லா இடத்திலும் பழைய பல்துலக்கியை விட்டுச் சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும். செயினில் எண்ணெயோடு பிசைந்த மண் இருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். டயர் இடுக்கில் நெல்லோ நெருஞ்சி முள்ளோ சிக்கியிருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். டயர் தேய்ந்துபோயிருந்தால் புது டயரே மாட்டிவிடலாம், பாதி வேலை மிச்சம். சைக்கிள் ஓட்டும் ஷூவின் அடியையும் மறக்காதீர்கள்.

பெட்டிக்குள் இடைவெளியை நிரப்பக் கைக்கெட்டிய வைக்கோலையோ வாழைச் சருகையோ திணித்துவிடாதீர்கள். மாம்பழம், முட்டை, காய்கறி வந்த அட்டையையும் வெட்டிப் பயன்படுத்தக் கூடாது. பழைய வேட்டி, துண்டு, செய்தித்தாள், ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச் போதும். விமானத்தில் தரும் பயணி அட்டையில் மண், விளையாட்டுச் சாமான் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியுங்கள். வண்டி பளபளவென்று இருந்தாலும் குறியுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், மிஞ்சினால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். சொல்லாமல் போய் மாட்டினால்தான் அபராதம்.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். புது வண்டி வந்த காலி அட்டைப்பெட்டி தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கியர் சைக்கிள் விற்கும் கடையில் கிடைக்கும். கேட்கும்போதே ஃபோர்க்கின் கீழ்முனையில் செருகி வரும் பிளாஸ்டிக் துண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றியபின் அதைச் செருகாவிட்டால், யாராவது பெட்டியை அழுத்தி வைக்கும்போது ஃபோர்க் உள்பக்கமாக வளையும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: வலது பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சீட்டை இறக்குவதற்கு முன் இப்போதிருக்கும் உயரத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள். ஹேண்டில்பாரை அவிழ்த்துப் பக்கவாட்டில் கட்டுங்கள். கியர் மாற்றும் பின்பக்கக் கருவியை அது தொங்கும் கொக்கியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள்ளே கட்டிவிடுங்கள். விமானப் பயணத்தில் அதிகம் வளைவது இந்தக் கொக்கிதான். உபரியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவு என்பதால் மெல்பர்னில் தேட முடியாது. உங்களுடையது டிஸ்க் பிரேக், ஆகவே சக்கரத்தை எடுத்ததும் பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். வழியில் லீவர் அமுங்கினால் பேடுகள் ஒட்டிக்கொண்டுவிடும்.

டயர் வெடிக்காது. தரையில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. வெளியே சுத்த வெற்றிடமே இருந்தாலும் டயர் உணரும் அழுத்தம் அந்த அளவுக்குமேல் அதிகரிக்காது. சாமான் அறையும் பயணிகள் அறைபோல அழுத்தம் காக்கப்பட்ட இடம்தான், அதனால் நிஜத்தில் கூடுவது மூன்று நான்கு பவுண்டு. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தினாலே அவ்வளவு ஏறும். ஆனாலும் காற்றை இறக்கச் சொல்வது பல நிறுவனங்களின் விதி. பாதி இறக்குங்கள். முழுக்க இறக்கினால் அடிபடும்போது ரிம்முக்குக் காப்பு இருக்காது.

பவர் பேங்க், கழற்றக்கூடிய லைட் பேட்டரி எல்லாம் கைப்பையில். ஸ்பேனர், ஆலன் கீ, காற்றடிக்கும் பம்பு எல்லாம் பெட்டியில். எண்ணெய் ஸ்பிரே, கேஸ் குப்பி இரண்டும் வேண்டவே வேண்டாம். பேட்டரி சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், பயணிகள் கொண்டுபோக 160 வாட்-அவர்தான் உச்சவரம்பு, அந்த பேட்டரிகள் அதைத் தாண்டியவை.

மன்னார்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சாதாரண கார் டிக்கியில் இந்தப் பெட்டி நுழையாது. பின்சீட் மடியும் பெரிய வண்டி பிடியுங்கள், இல்லாவிட்டால் குட்டி யானை. ஐப்பசி மழை, அட்டை நனைந்தால் பிய்ந்துவிடும், தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நான்கு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். எக்ஸ்-ரேயில் பெட்டி நுழையாவிட்டால் திறந்து காட்டச் சொல்வார்கள், ஆகவே ஒரு பக்கத்தை லேசாக மட்டும் ஒட்டி, டேப் சுருளைக் கையில் வைத்திருங்கள். வண்டி விலை அதிகமென்றால் பில்லையும் ஃபிரேம் எண்ணையும் காட்டிச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், திரும்பும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்ற கேள்வி வராது.

மெல்பர்னில் இறங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். கிழிசலோ நசுங்கலோ இருந்தால் படமெடுத்து அங்கேயே புகார் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்த்தான் சேதம் தெரிந்தது என்றால், பெட்டியைப் பெற்ற ஏழு நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும், விமானப் பயணிகளின் சாமான் சேதத்துக்கான மாண்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தத்தின்படி அதற்குமேல் கேட்க முடியாது. அப்புறம், விக்டோரியா மாநிலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு 1990 ஜூலையிலிருந்து ஹெல்மெட் கட்டாயம். மகள் வீட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனாலும் சட்டம் சட்டம்தான், அதனால் ஹெல்மெட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.