மறுதாம்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

'மறுதாம்பு' கதையைப் படித்தேன். காலமெல்லாம் கரும்பு ஆராய்ச்சியில் இருந்த ஒரு விஞ்ஞானி, தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய தன் தோட்டத்துச் சாளையில் கணையப் புற்றுநோயோடு படுத்திருக்கிறார். பிள்ளைகள் வாடகைக்கு எடுத்து விட்டுப்போன ரோபோ துணைக்கு இருக்கிறது. ராத்திரியெல்லாம் இரண்டு பேரும் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் சில இடங்கள் எனக்கு ஒட்டவில்லை.

மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறவருக்கு அந்த ரோபோ கரும்புக்காட்டு மண்ணைக் கரைத்துக் கொடுக்கிறது. போன வருசம் என் அப்பாவுக்கு அதைச் செய்தது நான். பெரியம்மா சொல்லித்தான் செய்தேன். கை நடுங்கியது. நடுங்காத ஒரு கை அதைச் செய்கிறது என்று படித்தபோது கோபம்தான் வந்தது. உணர்ச்சி இல்லாதது செய்தால் அது வெறும் பாவனைதானே?

அப்புறம், 'உங்க நினைவையெல்லாம் இதுல ஏத்தி வெச்சுரலாம்' என்று மகன் கேட்கிறான், அவர் வேண்டாம் என்கிறார். ஒரு விஞ்ஞானி அப்படிச் சொல்வாரா? எந்த மனுசன் சாக ஆசைப்படுவான்?

கடைசியில் அந்த ரோபோ என்ன ஆச்சு என்றும் தெரியவில்லை. இவ்வளவு செய்ததற்கு அதையே கொள்ளி வைக்க விட்டிருக்கலாமே என்கிறாள் என் மனைவி.

அன்புடன்,
எம்., கவுந்தப்பாடி

அன்புள்ள எம்.,

உங்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தை நான் மாற்றப் போவதில்லை.

அந்த ரோபோ என்ன செய்கிறது என்று திரும்ப ஒருதரம் பாருங்கள். மண்ணை டீ வடிகட்டியில் சலித்துக் கல்லை எடுக்கிறது. கரைத்துவிட்டுத் தெளியும்வரை பொறுத்திருக்கிறது. மேல்தண்ணியில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுகிறது, வாயில் ஊற்றுவதில்லை. விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் நுரையீரலில் இறங்கிவிடும் என்று அதற்குத் தெரியும். மண்ணாசை உள்ளவர் உயிர் சுலபத்தில் போகாது என்று நம் ஊரில் சொல்வதும் அதற்குத் தெரியும், படித்திருக்கிறது. நம்புகிறதா என்று நான் எழுதவில்லை. உங்கள் பெரியம்மாவிடம் கேட்டால் அவரும் சட்டென்று பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். செய்யணும், செய்தோம் என்பார்.

பாவனை என்கிறீர்கள். எழவு வீட்டில் பாவனை இல்லாத எது இருக்கிறது? கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, மாரில் அடித்துக்கொண்டு, எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு 'சத்தி பஸ் எத்தனை மணிக்குங்க' என்று கேட்கிற சொந்தத்தை யாராவது பொய் என்கிறோமா? அந்த ஒப்பாரியைக் கேட்டுத்தான் அதுவரை கல்லாட்டம் உட்கார்ந்திருந்த மகனுக்கு அழுகை வருகிறது. ஒப்பாரி வைத்தவள் உள்ளுக்குள் என்ன நினைத்தாள் என்பது அவள் கணக்கு.

இதில் ஏமாற்று நுழைய இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1966-இல் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்று ஒரு கணினி நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளர் அதனோடு பேச உட்கார்ந்தவர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டாராம். வைசன்பாம் அதில் பயந்துபோய்க் கடைசிவரை செயற்கை அறிவுத் துறையைக் கடிந்துகொண்டே இருந்தார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால்தான் என் ரோபோவை ஒரு தடவைகூட 'எனக்கு வருத்தமா இருக்குதுங்க' என்று சொல்லவிடவில்லை. அவர் கேட்கிறார், 'நான் போயிட்டா உனக்கு வருத்தமா இருக்குமா கண்ணு?' அது சொல்கிறது, 'தெரியலீங்கய்யா. நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு உங்களுக்கு மருந்துன்னு இருக்குது. நீங்க இல்லீன்னா அந்த வேலையை எடுத்துருவனுங்க.' அவர் சிரிக்கிறார். 'என்ற மூத்தவன் இதைவிட மோசமாச் சொல்லுவான்' என்கிறார். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான், என் கதையை நானே மெச்சிக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

உணர்ச்சியை அறிவுக்கு எதிராக வைத்து யோசிப்பது நமக்குப் பழகிப்போயிற்று. நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ 1994-இல் வந்த புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். மூளையின் முன்பகுதியில் கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள். அப்புறம் வைத்த அறிவுச் சோதனைகளிலெல்லாம் மனுசன் நன்றாகவே தேறினார். ஆனால் எதற்கும் துக்கமில்லை, பதற்றமில்லை, தன் கதையையே யாரோ ஒருவர் கதையைப் போலச் சொல்வார். காகிதங்களை எப்படி அடுக்குவது என்று முடிவெடுக்கவே அவருக்கு ஒரு மத்தியானம் போய்விடும். வேலை போயிற்று, குடும்பம் போயிற்று. எது நமக்கு முக்கியம் என்று சொல்வதே உணர்ச்சிதான். வயிறு பிசைவதும் நெஞ்சு அடிப்பதும், இந்த உடம்பு ஒன்றுதான், போனால் வராது என்பதை உடம்பே நமக்கு ஞாபகப்படுத்துவது.

என் ரோபோவுக்கு அப்படிப் போக ஒன்றும் இல்லை. உடைந்தால் வேறு உடம்பில் ஏற்றிக்கொள்ளலாம். 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹின்டன், அதற்கு இரண்டு வருசம் முன்னால் ஒரு யோசனை சொன்னார். இப்போதைய கணினியில் கற்றது ஒருபக்கம், இயந்திரம் ஒருபக்கம். கற்றதை எடுத்து எந்த இயந்திரத்தில் வேண்டுமானாலும் போடலாம். அப்படி இல்லாமல், கற்றது அந்த ஒரு வன்பொருளோடு பின்னிக்கிடந்து, அது கெட்டால் கூடவே அழியட்டும், மின்சாரமும் செலவும் வெகுவாகக் குறையும் என்றார். அதற்கு அவர் வைத்த 'மார்ட்டல் கம்ப்யூட்டேஷன்' என்ற பெயருக்கே சாகக்கூடிய கணிப்பு என்றுதான் அர்த்தம். அவர் பார்த்தது மின்சாரக் கணக்கை. எனக்கோ, உணர்ச்சியுள்ள இயந்திரம் என்று ஒன்று வந்தால் அந்த வழியாகத்தான் வரும் என்று படுகிறது. சாவில்லாத ஒன்று எதற்காகப் பயப்பட வேண்டும், யாருக்காக ஏங்க வேண்டும்?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவரைக் கரும்பு விஞ்ஞானியாக வைத்ததே அதற்காகத்தான். கவுந்தப்பாடிக்காரர் உங்களுக்குக் கரும்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கரும்பை விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை, கரணையை, அதாவது கணுவுள்ள தண்டுத் துண்டை, வெட்டி நடுகிறோம். அப்படி வருவது பிள்ளை ஆகாது, அதே செடிதான். தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் நிற்கிற கோ 86032 ரகம், என்றைக்கோ கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் முளைத்த ஒரே ஒரு நாற்று. வெட்டி வெட்டி இத்தனை லட்சம் ஏக்கர் ஆயிற்று. அந்த நிறுவனத்தை 1912-இல் கோயமுத்தூரில் கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம், கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதுதான். விவசாயிக்குக் கரும்பு பூத்தால் வயிறு எரியும், தண்டு நெட்டியாகிச் சர்க்கரை இறங்கிவிடும். விஞ்ஞானி அந்தப் பூவுக்குத்தான் தவம் கிடக்கிறார். ஒவ்வொரு விதையும் அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு கரும்பு. 1918-இல் வெளிவந்த கோ 205 நாட்டுக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து அப்படி வந்ததுதான்.

ஒரே செடியைப் படியெடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கோ 0238 என்று ஒரு ரகம், 2009-இல் வந்தது. உத்தரப் பிரதேசத்துக் கரும்புக்காட்டில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டது. பிறகு செவ்வழுகல் நோய் அதற்குப் பழகிவிட்டது. ஒரு தண்டைச் சாய்க்கத் தெரிந்த நோய்க்கு அத்தனை தண்டையும் சாய்க்கத் தெரியும். 'கரணை நட்டே காலத்தை ஓட்டுனவன்டா நான். என்னையும் கரணை போடப் பாக்குறயா?' என்று அவர் மகனைக் கேட்பது வேடிக்கைப் பேச்சில்லை. அதோடு, படியெடுத்தது எழுந்து பேசினாலும் கட்டிலில் கிடக்கிற இந்த மனுசன் அன்றைக்கே சாகத்தானே போகிறார்? அவருக்குச் சாக ஆசை ஒன்றும் கிடையாது. விடிகாலை மூன்று மணிக்கு 'லைட்டைப் போடு கண்ணு, பயமா இருக்குது' என்கிறாரே. பயந்துகொண்டே வேண்டாம் என்கிறார்.

நம் பக்கத்தில் இது புதுசும் கிடையாது. அண்ணமார் கதையை உடுக்கை அடித்துப் பாடிக் கேட்டிருப்பீர்கள். பொன்னருக்கும் சங்கருக்கும் பதினாறு வயதுதான் விதி. படுகளத்தில் கிடக்கிற அண்ணன்மாரைத் தங்காள் தேடிப்போய் எழுப்புகிறாள். எழுந்து உட்கார்ந்து அவளோடு பேசுகிறார்கள். எங்கள் காலம் முடிந்தது தாயி என்று சொல்லித் திரும்பவும் போய்விடுகிறார்கள். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் விவரம் மாறும், ஆனால் எழுந்தவர்கள் தங்குவதாக நான் கேட்டதில்லை. மாசித் திருவிழாவில், அவர்கள் கோயில் இருக்கிற வீரப்பூரில் ஆட்கள் நிஜமாகவே விழுந்து கிடந்து, தீர்த்தம் தெளித்த பிறகு எழுந்து நிற்பார்கள். எழுப்ப முடிந்தும் எழுந்திருக்க மறுக்கிற அந்த இடத்துக்கு விடிய விடியக் காத்திருந்து அழுகிற ஜனம் நாம். என் விஞ்ஞானி சின்ன வயதில் அதைக் கேட்டுத் தூங்காமல் கிடந்தவர் என்று கதையில் ஒரு வரி வருகிறது, வேகத்தில் தாண்டியிருப்பீர்கள்.

ரோபோ என்ன ஆச்சு என்றால், காரியம் முடிந்ததும் மகன் அதை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் பண்ணுவான். அவர்கள் எடுத்துப்போய்த் துடைத்து, உள்ளே இருப்பதையும் அழித்துவிட்டு, பெருந்துறையிலோ பல்லடத்திலோ இன்னொரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கரும்பை வெட்டியபின் கட்டை தழைக்கிறதே, அந்த மறுதாம்புதான். தலைப்பு அதற்கும் சேர்த்துத்தான்.

கொள்ளி விசயத்தை உங்கள் மனைவியிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள். பங்காளிகள் கூடாமல் பாடை நகராத ஊர் நம்முடையது. கதையில் அவருடைய சொந்த மகளே வாசலோடு நின்றுவிடுகிறாள், சுடுகாட்டுக்கு அவளைக் கூட்டிப்போக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு முதலில் குடத்தைக் கொடுக்கட்டும். ரோபோவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.