வேலைய விட்டுட்டு சொந்தமா இறங்கலாமா? இந்த வாரம் வந்த கேள்விங்க

திருப்பூர்ல பேட்டர்ன் மாஸ்டரா (துணி வெட்டறதுக்கு அளவு மாதிரி போடற வேலை) இருக்கேன், சம்பளம் 38,000. வெளில மூணு கம்பெனிக்கு பண்ணா 60,000 வரும்ங்கறாங்க. சேந்து 4 வருஷம் 5 மாசம் ஆச்சு, விட்டுடலாமா அண்ணா?

ஏழு மாசம் பொறுங்க தம்பி. 5 வருஷம் முடிஞ்சாதான் கிராஜுவிட்டி (வேலைய விடறப்ப கம்பெனி தர்ற பணிக்கொடை) கைக்கு வரும், பேசிக் 20,000ன்னு வச்சுக்கங்க, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் கணக்குப்படி, மாசத்துக்கு 26 நாள்னு வகுத்து 5 வருஷத்துக்குப் போட்டா 57,692 வருது, அத எதுக்கு விடணும்? அப்புறம் அந்த 60,000த்த 38,000த்தோட நேரா வச்சுப் பாக்காதீங்க, கம்பெனி போடற பிஎஃப் பங்கு, தீபாவளி போனஸ், லீவு போட்டாலும் வர்ற சம்பளம், சாஃப்ட்வேர், கரண்ட் பில்லு எல்லாம் இனிமே உங்க தலைலதான். ஆர்டர் டல்லடிக்கற மாசம் மூணு கம்பெனியும் ஒண்ணாத்தான் டல்லடிக்கும், அதையும் பாத்துக்கங்க. நான் ஆடிட் ஆபீஸ விட்டு வந்த மொத தீபாவளிக்கு எனக்கு யாரும் ஸ்வீட் பாக்ஸ் தரல, கிளையன்ட்டுங்களுக்கு நான்தான் 22 பாக்ஸ் வாங்கிக் குடுத்தேன். அதுக்காக வேண்டாம்னு சொல்லல, ஆறு மாச வீட்டுச் செலவு பேங்க்ல இருந்தா தாராளமா இறங்குங்க, திருப்பூர்ல நல்ல பேட்டர்ன் மாஸ்டருக்கு வேலைக்குப் பஞ்சமில்ல.

இட்லிப்பொடி, பருப்புப்பொடி வீட்லயே அரைச்சு விக்கறேன். லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் வேணுமா?

உணவுப் பாதுகாப்பு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் எடுங்கக்கா, சின்ன அளவுல பண்றவங்களுக்கு வருஷத்துக்கு வெறும் 100 ரூபாதான், இதுக்குப் போய் ஏஜென்ட்டுக்கு ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. ஜிஎஸ்டிலதான் பலபேர் மாட்டிக்கறாங்க. பொருள் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் வேண்டாம்ங்கறது சரிதான், ஆனா அது தமிழ்நாட்டுக்குள்ள வித்தா மட்டும். பெங்களூர்ல இருக்கற நாத்தனார் ஃபிரெண்டுக்கு அரைக் கிலோ பொடிய வித்து கூரியர்ல போட்டாக்கூட வெளிமாநில விற்பனை ஆயிடும், அப்ப ஜிஎஸ்டி எடுத்தே ஆகணும், 40 லட்சக் கணக்கு அங்க செல்லாது.

கோயம்புத்தூர்ல இன்டீரியர் டிசைனர். பில்டர் கம்பெனி ஒவ்வொரு பில்லுலயும் 10% புடிச்சுக்கறாங்க, இது நஷ்டமா?

நஷ்டமில்லீங்க, அது டிடிஎஸ், உங்க வருமானவரிக்காக முன்னாடியே புடிச்சுக் கட்டற தொகை. உங்க பேன் நம்பர்லதான் இருக்கு, ரிட்டர்ன் போட்டா உங்க வரில கழிச்சுக்கலாம், வரியவிட அதிகமாப் புடிச்சிருந்தா மிச்சம் திரும்ப வரும். உங்க தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் வரவுல பாதிய லாபம்னு காட்டிட்டா கணக்குப் புக்கு எழுத வேண்டாம், ஆடிட்டும் வேண்டாம் (எனக்குத்தான் வருமானம் போச்சு). ரிட்டர்னே போடாம விட்டாதான் நஷ்டம்.

வேலைய முடிச்சுக் குடுத்து நாலு மாசம் ஆச்சு, காசு தரல. நாலு தடவ கேட்டாச்சு.

சொந்தத் தொழில்ல மனுஷன நொறுக்கறது இதுதான், வரி எல்லாம் அப்புறம். உத்யம் பதிவு (அரசாங்கத்தோட சிறுதொழில் பதிவு) இருக்கா? ஆன்லைன்ல இலவசம். வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே அத எடுத்து அந்த நம்பர பில்லுல போட்டுருங்க. சிறுதொழில் சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லேன்னா 15 நாள்ல காசு வந்தாகணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதும் கூட்டு வட்டி. இதவிட நல்லா வேலை செய்யற விஷயம் ஒண்ணு இருக்கு: கெடுவத் தாண்டி, மார்ச் 31க்குள்ளயும் உங்களுக்குக் காசு தரலேன்னா அந்தச் செலவ அவங்க அந்த வருஷ வருமானவரிக் கணக்குல கழிக்க முடியாது, காசு குடுக்கற வருஷத்துலதான் கழிக்க முடியும். அதனால முதலாளிகிட்ட கேக்கறத விட்டுட்டு மார்ச் மாசம் அவங்க அக்கவுன்ட்ஸ் செக்ஷனுக்கு பில்லையும் உத்யம் சர்டிபிகேட்டையும் மெயில்ல போடுங்க. முதலாளி ஃபோன எடுக்கலேன்னாலும் அவங்க ஆடிட்டர் எடுப்பாரு.

வேலைய விட்டுட்டு வீட்டு லோன் போடலாமா?

பேங்க்ல ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேப்பாங்க. வரிக்குப் பயந்து வருமானத்தக் கம்மியாக் காட்டியிருந்தா லோனும் அந்தக் கம்மிக்குத் தகுந்த மாதிரிதான்.